முப்பத்தேழாம் நம்பரின் ரத்தம்

இது நடந்தது. பேய் பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் உத்தியோகம் அப்படி. முப்பத்தோரு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் புழு எண்ணினேன். எட்டு என்றால் எட்டு, ஒன்பது என்றால் ஒன்பது. கூட்டியும் சொல்ல வராது, குறைத்தும் சொல்ல வராது. என் மனைவியைக் கேட்டால் இந்தக் குணத்தைப் பற்றி வேறு மாதிரி சொல்வாள். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கை ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

1952, நவம்பர் 13. வியாழக்கிழமை.

மலாக்காவில், அலோர் காஜாவிலிருந்து மஸ்ஜித் தானா போகிற பாதையில் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம் அது. லயத்தை, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, சுற்றி இரட்டை முள்கம்பி வேலி. சாயங்காலம் ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். அதற்கு நடுவில் வெளியே எவன் நடமாடினாலும் சுடுவார்கள்.

நான் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன். வயது இருபத்து மூன்று. பெயர் சேகரன். எங்கள் டாக்டர், ஒரு வெள்ளைக்காரர், யானைக்கால் நோய்க்குப் புது மருந்து தேடிக்கொண்டிருந்தார். நோய்க்கு ஏற்கனவே ஒரு மருந்து உண்டு. ரத்தத்தில் ஓடி நோயை உண்டாக்கும் புழுவைக் கொல்லும், ஆனால் ஆளைக் காய்ச்சலில் புரட்டி எடுத்துவிடும். அந்த மருந்தின் அமைப்பில் ஒரு மூலையை மட்டும் மாற்றினால் கொல்கிற வேலை நிற்காமல் காய்ச்சல் மட்டும் குறையுமா என்பதுதான் கேள்வி. கடல் தாண்டி எங்கோ இருந்த வேதியியல்காரர்கள் மாற்றி மாற்றிச் செய்து வெள்ளைப் பொடியாக அனுப்புவார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது, ஒரு நம்பர் மட்டும். எங்களிடம் இருந்த பூனைகளுக்கும் அதே புழு உண்டு. முதல் ஐந்து பொடிகள் பூனைகளிடமே தோற்றுப் போயின. ஆறாவது பொடியில் பூனைகளின் ரத்தம் சுத்தமாகிவிட்டது. பூனைகளுக்குச் சோறு வைத்தவன் என்கிற முறையில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அடுத்தது மனிதர்கள். அந்தத் தோட்டத்தில் ரத்தத்தில் புழு இருந்த நாற்பத்தெட்டு பேரை எடுத்தோம். ஆளுக்கு ஒரு நம்பர். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கிடையாது. பாதிப் பேருக்குப் பச்சை மூடி டப்பாவிலிருந்து மாத்திரை, பாதிப் பேருக்கு வெள்ளை மூடி டப்பாவிலிருந்து. ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மாவு. எதில் எது என்று டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. ஞாயிறு தோறும் ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. தோட்டத்து மருந்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற டிரெஸர் முன்னால் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

டாக்டர் பூட்டி வைத்த ரகசியத்தை லயத்துப் பெண்கள் ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் மாத்திரை போட்ட அன்று சிலருக்கு லேசாகக் குளிர் வந்தது, சிலருக்கு வரவில்லை. யாருக்குக் குளிர் வந்ததோ அவர்களுக்குத்தான் மருந்து. குளிர் வந்த எல்லோரும் பச்சை மூடிக்காரர்கள். மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் இதுதான் பேச்சாம். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் பச்சை மூடியில் ஒரே ஒருத்திக்குக் குளிர் வரவில்லை. நம்பர் முப்பத்தேழு. பெயர் முத்தாயி, பால்மரம் சீவுகிறவள். மருந்துக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் அவளுக்குப் பதினான்கு புழு. ஒரு மாதம் கழித்து எடுத்ததில் பதினைந்து. மற்ற இருபத்து மூன்று பேருக்கும் ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்று இறங்கியிருந்தது. ஒருத்திக்கு மட்டும் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் மேலே போக முடியாது. "மூன்றாவது ரத்தம் எடுக்கும்போது முப்பத்தேழை விட்டுவிடாதே" என்று டாக்டர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஆறாவது பொடி பிழைக்குமா, ஐந்தோடு சேர்ந்து குப்பைக்குப் போகுமா என்பது அவள் விரல் நுனியில் இருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. துப்பிவிடுகிறாள் என்று சந்தேகம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தப் புழுக்குஞ்சுகளைப் பகலில் தேடினால் கிடைக்காது. நுரையீரல் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் நாங்கள் ரத்தம் எடுப்பது பத்திலிருந்து இரண்டுக்குள். ஊரடங்கு நேரத்தில், பூட்டிய வேலிக்குள், வீடு வீடாக.

சாயங்காலம் 6.40-க்கு எங்கள் வேன் உள்ளே நுழைந்தது. ஓட்டியவர் ஹனிபா அண்ணன், மலாக்கா டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஏழுக்குக் கேட்டைப் பூட்டினார்கள்.

மருந்துக் கொட்டகையில் டிரெஸர் தங்கராஜு இரண்டு கம்பளிக்குள் கிடந்தார். மலேரியா. பல் தந்தி அடித்தது.

"தம்பி… லிஸ்ட்டுல ஒரு…" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச முடியவில்லை. கட்டில் நடுங்கியது.

"நீங்க படுங்க டிரெஸர். எங்ககிட்ட பழைய லிஸ்ட் இருக்கு" என்றேன். என் அவசரம் எனக்கு.

10.05. முதல் வீடு.

ஹனிபா அண்ணன் அரிக்கேன் விளக்கைப் பிடிப்பார். நான் விரலைத் துடைத்து, குத்தி, மூன்று சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வட்டமாகப் பரப்பி, நம்பரைக் கீறுவேன். பால்மரம் சீவுகிறவர்களின் விரல் காய்த்துப் போயிருக்கும். ஒரு குத்துக்கு ரத்தம் வராது. இரண்டாவது குத்துக்குத் திட்டு வாங்குவேன். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்.

அன்று யாரும் திட்டவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. கையை நீட்டினார்கள். குத்தியதும் இழுத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தினார்கள்.

12.24. முப்பத்தாறாம் நம்பர், ரங்கசாமி என்ற பெரியவர். ரத்தம் எடுத்து முடித்தேன்.

"அடுத்து முப்பத்தேழு. முத்தாயி அக்கா இருக்காங்களா தாத்தா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஹனிபா அண்ணனைப் பார்த்தார்.

"என் ரத்தம் எடுத்தாச்சில்ல. போங்க தம்பி."

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம். அதன் பிறகு இன்னொரு தாழ்ப்பாள்.

12.30. கண்ணாடிப் பெட்டியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அடுத்த பெட்டி வேனில். ஹனிபா அண்ணன் விளக்கை எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் ஒரு டார்ச், பேட்டரி இறங்கி மஞ்சளாக எரிந்தது.

முத்தாயியின் வீடு லயத்தின் கடைசி. அதற்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் மரங்கள்.

படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம்தான்.

"நம்பர்?"

"முப்பத்தேழு."

மரம் சீவப் போகிறவர்கள் கொசுவுக்குத் தலையோடு போர்த்திக்கொள்வார்களே, அப்படிப் போர்த்தியிருந்தாள். மூக்கு, வாய் மட்டும் தெரிந்தது. ரப்பர் பாலின் புளித்த வாடை வந்தது.

"மாத்திரையை முழுங்குறீங்களா, துப்புறீங்களா? ஒங்களால எங்க வேல பூரா சூசாவாப் போச்சு, தொல்லையாப் போச்சு."

"ஒண்ணுகூட வீணாப் போகலிங்க."

"பின்ன ஏன் எறங்கல?"

போர்வைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. இடது கை.

மோதிர விரலைப் பிடித்தேன்.

விரல் மெத்தென்று இருந்தது. சின்னதாக இருந்தது. காய்ப்பே இல்லை. இதை நான் கவனித்தேன். கவனித்தும் வேலையைப் பார்த்தேன். ஸ்பிரிட்டில் துடைத்தேன். விரலில் நல்ல சூடு இருந்தது. என் புறங்கை அவள் முழங்கை மேல் பட்டது… அங்கே சூடு இல்லை. ஈரச் சுவரைத் தொட்டது போல இருந்தது.

குத்தினேன். ஊசி ஒரே தொடலில் இறங்கியது.

"ஸ்ஸ்… ம்மா…"

சின்னக் குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் உதடு மூடியிருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவக்கூடாது" என்றாள். மெதுவாக.

"யாருகிட்ட சொல்றீங்க?"

விரல் அசையாமல் நின்றது.

மூன்று சொட்டு எடுத்தேன். பஞ்சை விரலில் வைத்து அழுத்தினேன். கை பஞ்சோடு போர்வைக்குள் போனது.

"எத்தனை இருக்குன்னு எப்பத் தெரியும்?"

"காலையில."

"பாத்துட்டு வந்து சொல்லணும். இன்னும் அஞ்சு குடுக்கணும்."

"ஞாயித்துக்கிழமை டிரெஸர் குடுப்பாரு."

"குடுக்கமாட்டாரு."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும். அஞ்சு."

"சரி" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

குனிந்து கண்ணாடியில் நம்பரைக் கீறினேன். 37. மணி பார்த்து நோட்டில் எழுதினேன். 12.41.

நிமிர்ந்தேன்.

படி காலியாக இருந்தது.

உள்ளே போயிருப்பாள் என்று டார்ச்சைக் கதவில் அடித்தேன்.

கதவின் குறுக்கே ஒரு பலகை.

வெளியிலிருந்து அடித்த ஆணி. மூன்று… நான்கு…

ஆணித் தலைகள் புதிதாக மின்னின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குந்தியிருந்த அந்தப் பத்து நிமிடமும் ஒரு கொசுகூட எங்களைக் கடிக்கவில்லை.

அந்த நிமிடம் கடிக்க ஆரம்பித்தது.

பின்னால் காலடிச் சத்தம். விளக்கு வெளிச்சம்.

ஹனிபா அண்ணன்.

"என்ன தம்பி, இருட்டுல தனியாக் குந்திக்கிட்டு யாரைத் திட்டிக்கிட்டிருந்தீங்க? அங்க வரைக்கும் கேக்குது லா."

"என் குரல் மட்டுமா கேட்டுச்சு?"

அவர் கதவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். உதடு எதையோ ஓத ஆரம்பித்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

மிச்சம் இருந்த பதினொரு பேரிடமும் ரத்தம் எடுத்தோம். எப்படி எடுத்தேன் என்று நினைவில்லை. 1.52-க்கு முடிந்தது. கேட் பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். பயந்தேன். அந்த வார்த்தைக்குப் பதிலாக வேறு கௌரவமான வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

விடிந்ததும் மைக்ராஸ்கோப்பை மருந்துக் கொட்டகை ஜன்னலோரம் வைத்தேன். என்னால் காத்திருக்க முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முப்பத்தேழை மட்டும் தண்ணீரில் அலசி, சாயம் ஏற்றி, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். ரத்தம் நிஜம். மனித ரத்தம். புழுவும் இருந்தது.

இரண்டு.

மூன்று தடவை எண்ணினேன். இரண்டேதான். பதினைந்து இரண்டாகியிருந்தது. ராத்திரி பட்ட பயத்தில் பாதி போய்விட்டது. மருந்து வேலை செய்கிறது, ஆறாவது பொடி பிழைத்துவிட்டது, கதவில் பலகை இருந்தால் என்ன, பின்பக்கமாக ஒரு வழி இருக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

8.40-க்குத் தங்கராஜு எழுந்து வந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. என் நோட்டை எடுத்துப் புரட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"தம்பி, இது யாரு ரத்தம்?"

"முத்தாயி அக்கா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து அதத்தான் சொல்ல வாயெடுத்தேன். பல்லு கிட்டிக்கிச்சு" என்றார். "ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. அன்னிக்கி யாருக்கும் வெளிய போக பாஸ் குடுக்கல. பொழுது எறங்குனதும் கம்பிக்கு அடியில நுழைஞ்சு போயிருக்கு. இருட்டுல சுட்டுட்டாங்க. யாரு சுட்டதுன்னு இன்னும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. திங்கக்கிழமை அடக்கம் பண்ணியாச்சு. போலீஸ்தான் வீட்ட அடிச்சு மூடுச்சு."

"எங்க போகப் பாத்தாங்க அவங்க?"

"மஸ்ஜித் தானாவுக்கு. அங்க தங்கச்சி வீட்ல மகள விட்டு வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம பஸ் ஏறிப் போயிடும்." அவர் நோட்டை மூடி வைத்தார். "முந்தானையில ஒரு மாத்திரை முடிஞ்சு வச்சிருந்துச்சு தம்பி. பச்சை மூடி மாத்திரை. என் முன்னாலதான் போட்டுது. வாயத் தொறந்து காட்டுச்சு. நாக்குக்கு அடியில பாக்க எனக்குத் தோணல."

நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு ஞாயிறு. ஏழு முடிந்திருந்தது. முந்தானையில் இருந்தது எட்டாவது. ஆக இன்னும் கொடுக்க வேண்டியது ஐந்து.

அந்த நோட்டில் முப்பத்தேழுக்கு நேரே கோடு போட வேண்டும். இறந்தவர் என்று எழுத வேண்டும். அதுதான் விதி. எழுதினேன். பிறகு பச்சை மூடியைத் திறந்து ஐந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சோதனையில் இல்லாத ஒரு பிள்ளைக்கு, டாக்டருக்குத் தெரியாமல், இன்னும் பெயர்கூட வைக்காத மருந்து. பிடிபட்டால் வேலை போகும். தங்கராஜு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் சொல்ல எனக்கு வேறொன்று இருக்கிறது. அந்த ஆறாவது பொடி கடைக்கு வரவே இல்லை. வேறு ஏதேதோ காரணத்தால் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் மறு ஜனவரியில் அந்தப் பிள்ளையின் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம். என் வாழ்நாளில் எண்ணிய எண்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அன்று காலை 11.20-க்கு மஸ்ஜித் தானா போய்ச் சேர்ந்தோம். தோட்டத்திலிருந்து பதினோரு மைல். வழியில் இரண்டு போலீஸ் தடுப்பு. ராத்திரி முழுக்க இரண்டும் மூடித்தான் இருந்தன, ஹனிபா அண்ணன் விசாரித்தார்.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. முத்தாயியின் தங்கை பாக்கியலட்சுமி வாசலுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "தோட்டத்து மருந்து விஷயமா வந்தோம்" என்றேன். வேறு எதுவும் நான் சொல்லவில்லை. ராத்திரி நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா எல்லாத்தையும் புள்ளைக்குத்தான் குடுத்துச்சுங்க" என்றாள். "புள்ளைக்கு காலு வீங்கி வீங்கி வடியும். சின்னப் புள்ளைக்குக் குடுக்கமாட்டோம்னுட்டாங்க. மொத மாத்திரை குடுத்த அன்னிக்கி ராத்திரி இதுக்குக் குளிரு வந்துச்சு. அக்கா சிரிச்சுச்சு. பச்சை மூடிதான் மருந்து, எம் மகளுக்கு வேல செய்யுதுன்னு சொல்லிச் சிரிச்சுச்சு."

நான் காகிதத்தைப் பிரித்து ஐந்து மாத்திரைகளையும் அவள் கையில் வைத்தேன். ஞாயிறு தோறும் ஒன்று என்றேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"புள்ள எங்கே?"

"உள்ள தூங்குது. ராத்திரி தூங்கவே இல்லிங்க. பக்கத்துக் கடைக் கடிகாரம் பன்னெண்டர அடிச்சு கொஞ்ச நேரம் இருக்கும், ம்மானு கத்திக்கிட்டு எழுந்துச்சு. அம்மா நெனப்புன்னு தட்டிக் குடுத்தேன்."

அவள் உள்ளே பார்த்து, "மங்களம்" என்று கூப்பிட்டாள்.

ஏழு வயதுப் பெண். பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்ணைக் கசக்கினாள்.

என்னைப் பார்த்தாள்.

நின்றாள்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"என்னடி? கையில என்ன?"

சித்தி கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மோதிர விரலில் ஒரு பஞ்சு. காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடை நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

"இது எப்படிடி வந்துச்சு?"

அந்தப் பிள்ளை சித்தியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தது.

"ராத்திரி இந்த மாமாதான குத்துனாரு" என்றாள். "நான் அழுவலயே. அழுவக்கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு."